திரையில் உதித்த திருவாதிரை

மார்கழியில் திருவாதிரை நட்சத்திரம் கூடும் நாளில் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். முதல் நாள் தேரோட்டம், மறுநாள் விடியுமுன் ஆயிரங்கால் மண்டபத்தில் மகாபிஷேகம், பிறகு தரிசனம். வீடுகளில் களியும் ஏழுகறிக் கூட்டும் மணக்கும். அந்த நாளுக்குப் பெயர் கொடுத்த விண்மீன், ஓரியன் தொகுதியின் தோளில் செக்கச் சிவந்து நிற்கும் பெடல்ஜியூஸ். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில், பிடிபி-1 என்ற கணினியின் வட்டத் திரையில் இதே விண்மீன் ஓர் ஒளிப்புள்ளியாக உதித்தது. உலகின் மிகப் பழைய வீடியோ கேம்களில் ஒன்றான ‘ஸ்பேஸ்வார்’ ஆட்டத்தின் பின்புல வானத்தில் அதற்கு இடம் கிடைத்திருந்தது.

நடராசரையும் நவீன இயற்பியலையும் சேர்த்துப் பேசுவது புதிதல்ல. பிரிட்ஜாஃப் காப்ரா 1975-ல் தம் நூலில் அந்த ஆடலைத் துகள் இயற்பியலோடு ஒப்பிட்டார். கார்ல் சேகன் 1980-ல் ‘காஸ்மோஸ்’ தொலைக்காட்சித் தொடரில் சோழர் காலச் செப்புத் திருமேனியைக் காட்டிப் பிரபஞ்சத்தின் பிறப்பைப் பேசினார். 2004-ல் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்துக்கு இந்தியா ஒரு நடராசர் சிலையைப் பரிசளித்தது. இவையெல்லாம் உருவகத்தில் அமைந்த உறவுகள். ஸ்பேஸ்வாரின் வானத்துக்கும் சிதம்பரத்துக்கும் இருப்பது கணக்கில் அமைந்த உறவு.

ஸ்பேஸ்வாரில் இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும். ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய முதல் வடிவத்தில் பின்னணியாக ஏதோ சில புள்ளிகளை மனம்போனபடி தூவியிருந்தார்கள். பீட்டர் சாம்சன் என்ற இளைஞருக்கு அது பொறுக்கவில்லை. வானியல் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உண்மையான விண்மீன்களின் இடங்களைப் பட்டியலிட்டு ஆட்டத்துக்குள் ஏற்றினார். வான நடுக்கோட்டுக்கு வடக்கே 22.5 பாகை, தெற்கே 22.5 பாகை என்ற பட்டைக்குள் வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியும் விண்மீன்கள் எல்லாம் அதில் இருந்தன. பிரகாசமான விண்மீனைத் திரை அடிக்கடி வரையும், மங்கலானதை எப்போதாவது வரையும்; அதனால் ஒளி வேறுபாடும் கிடைத்தது. விலை உயர்ந்த கணினியில் ஓடியதால் இதற்கு அவர் கிண்டலாக வைத்த பெயர், ‘செலவு பிடிக்கும் கோளரங்கம்’.

ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, வான நடுக்கோட்டிலிருந்து அத்தனை பாகை தள்ளி இருக்கும் விண்மீன்கள் அந்த ஊரின் உச்சி வழியாகக் கடந்து போகும். சிதம்பரத்தின் அட்சரேகை வடக்கே 11.4 பாகை, கடலூர் சற்று வடக்கே. சாம்சன் தேர்ந்துகொண்ட பட்டை இந்த ஊர்களின் தலைக்கு மேலேதான் ஓடுகிறது. திருவாதிரை நடுக்கோட்டிலிருந்து வடக்கே 7.4 பாகையில் இருப்பதால் சிதம்பரத்தில் உச்சிக்குத் தெற்கே 4 பாகை மட்டும் விலகிக் கடக்கிறது. ஆட்டம் பிறந்த எம்.ஐ.டி.யிலோ அது உச்சியிலிருந்து 35 பாகை சரிந்துதான் தெரியும். சாம்சன் வரைந்தது, அவரைவிடத் தில்லைவாசிகளுக்கு நெருக்கமான வானம்.

மார்கழியில் ஏன் திருவாதிரை? மார்கழி தனுர் மாதம். சூரியன் தனுசு ராசியில் நிற்கும் காலம். பௌர்ணமி நிலவு எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். தனுசுக்கு எதிரே இருப்பது மிதுனம்; திருவாதிரை இருப்பது அந்த வட்டாரத்தில். ஆகவே மார்கழிப் பௌர்ணமி நிலவு திருவாதிரைக்கு அருகில் வந்தே தீரும். அந்த நாட்களில் பொழுது சாயும் வேளையில் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் கிழக்கு நோக்கி நின்றால், கடலிலிருந்து அந்தச் செம்மீன் எழுவதைப் பார்க்கலாம். 500 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள கிழட்டு விண்மீன் அது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் விழுங்கிவிடும். 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கியபோது, வெடிக்கப் போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது. அது கக்கிய பொருள் குளிர்ந்து தூசுப்படலமாகி மறைத்ததே காரணம் எனப் பின்னர் தெரிந்தது.

விழுவதற்கும் கணக்கு உண்டு

ஸ்பேஸ்வாரின் நடுவில் ஒரு சூரியன் இருந்தது. அருகே போகும் கலத்தை அது நியூட்டனின் விதிப்படி இழுக்கும். கலங்கள் சுடும் குண்டுகளை மட்டும் இழுக்காது. அத்தனை குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கணக்கிடும் தெம்பு அந்தக் கணினிக்கு இல்லை. பழைய விளையாட்டுகளில் அறிவியல் எங்கெல்லாம் சரியாக இருக்கிறது, எங்கெல்லாம் பிசகுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இப்படி இயந்திரத்தின் ஏழ்மைதான் காரணமாக இருக்கும். அந்த ஏழ்மையே பல இடங்களில் நல்ல அறிவியலையும் கொண்டுவந்து சேர்த்தது.

1969-ல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கிய சில மாதங்களுக்குள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர் ஒரு நிலவிறங்கும் ஆட்டத்தை எழுதினார். படம் கிடையாது, தட்டச்சுக் காகிதத்தில் எண்கள் மட்டும் வரும். கலம் 120 மைல் உயரத்தில் நொடிக்கு ஒரு மைல் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். எடை 32,500 பவுண்டு, அதில் எரிபொருள் 16,000 பவுண்டு. 10 நொடிக்கு ஒருமுறை எவ்வளவு எரிக்க வேண்டும் என்று ஆடுபவர் சொல்ல வேண்டும். அந்த நிரலில் ஈர்ப்புக்கு அவர் வைத்த மதிப்பு 0.001, அதாவது நொடிக்கு நொடி 0.001 மைல். மீட்டருக்கு மாற்றினால் 1.61 வரும். நிலவின் உண்மையான ஈர்ப்பு முடுக்கம் 1.62. ஒரு பள்ளிப் பையன் எழுதிய விளையாட்டு நிலவைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2024-ல், அந்த நிரலை அலசிய ஒரு மென்பொருள் வல்லுநர் ஒரு சமன்பாட்டில் 2-ஆல் வகுக்க வேண்டிய இடம் விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அத்தனை காலமும் அது ஆட்டத்தைக் கெடுக்கவில்லை.

இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் சீக்கிரமே ஒரு பாடம் படிப்பார்கள். பயந்துபோய் ஆரம்பத்திலேயே வேகத்தைக் குறைத்தால் எரிபொருள் தீர்ந்துவிடும். மெதுவாக இறங்கும் ஒவ்வொரு நொடியும் ஈர்ப்பை எதிர்த்து நிற்பதற்கே எரிபொருள் செலவாகும். கடைசிவரை விழவிட்டு, தரைக்குச் சற்று மேலே முழுமூச்சாக எரிப்பதே சிக்கனம். ஒரு நொடி தாமதித்தாலும் கலம் சுக்குநூறு. சிக்கனத்துக்கும் பத்திரத்துக்கும் இடையிலான இந்த இழுபறிதான் உண்மையான நிலவுப் பயணத்தின் மையச் சிக்கல். 1979-ல் அட்டாரி நிறுவனம் இதையே கோட்டோவியப் படங்களோடு ‘லூனார் லேண்டர்’ என்ற காசுப்பெட்டி ஆட்டமாக்கியது. அதில் கூடுதல் காசு போட்டால் கூடுதல் எரிபொருள் கிடைக்கும். இஸ்ரோவுக்கு அந்த வசதி இல்லை.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் இந்த ஆட்டத்தை நிஜத்தில் ஆடியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; ரயில்வே ஊழியரின் மகன், ரயில்வே பள்ளியில் படித்தவர், டிப்ளமோ வழியாகப் பொறியியலுக்கு வந்தவர். 1993-ல் தென்னாற்காடு பிரிக்கப்படும்வரை விழுப்புரத்துக்கும் கடலூர்தான் மாவட்டத் தலைநகரம்.

விக்ரம் இறங்கத் தொடங்கியபோது உயரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், கிடைமட்ட வேகம் நொடிக்கு 1.68 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அரை நிமிடத்தில் போய்விடலாம். அந்த வேகத்தை முழுவதும் தணிக்க அதனிடம் இருந்தவை தலா 800 நியூட்டன் உந்துவிசை தரும் 4 எஞ்சின்கள். முதல் கட்டமான கரடுமுரடு வேகத்தணிப்புக்கு மட்டும் 11 நிமிடத்துக்கும் மேல். பிறகு நிலையை நிமிர்த்திக்கொண்டு, சற்று அந்தரத்தில் நின்று, கீழே பள்ளம் பாறை இருக்கிறதா என்று பார்த்து, மெல்லத் தரை தொட்டது. பூமியிலிருந்து யாரும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கவில்லை. ரேடியோ அலை நிலவுக்குப் போய்ச் சேரவே ஒரு நொடிக்கு மேல் ஆகும் என்பதால், முடிவுகளைக் கலமே எடுத்தது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் தரையிறக்கம் தோற்றதும் லூனார் லேண்டர் ஆடியவர்களுக்குப் பழக்கமான முறையில்தான். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்தக் கலம் திரும்ப வேண்டிய வேகத்துக்கு மென்பொருள் வரம்பு வைத்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடமோ அரை கிலோமீட்டர்ச் சதுரம். அடுத்த முறை இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டராக விரித்தார்கள், கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். 2023 செப்டம்பர் 3 அன்று வேலையெல்லாம் முடிந்த பிறகு, விக்ரம் எஞ்சினை மறுபடி இயக்கி 40 சென்டிமீட்டர் எழும்பிப் பக்கத்திலேயே குதித்து இறங்கிக் காட்டியது. நிலவில் ஓர் இந்தியக் கலத்தின் இரண்டாவது தரையிறக்கம் அது.

சோழியும் சிப்பும்

விளையாட்டு ஒரு நொடியில் 50 அல்லது 60 படம் காட்ட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கலத்தின் இடம், வேகம், திரும்பிய கோணம் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். லூனார் லேண்டர், ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ ஆகியவற்றை ஓட்டியது 6502 என்ற சிப். நம் ஊர்ப் பிள்ளைகள் 1990-களில் டிவியில் மாட்டி ஆடிய வீடியோ கேம் பெட்டிகளுக்குள் இருந்ததும் அதன் வாரிசே. அந்தச் சிப்புக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். பெருக்கல் கட்டளையே கிடையாது. சைன், கொசைன் மதிப்புகளை அது எங்கே போய்த் தேடும்?

தேடாது. முன்கூட்டியே யாரோ கணக்கிட்டு எழுதி வைத்த பட்டியலில் பார்த்துக்கொள்ளும். கால்வட்டத்துக்கு மட்டும் சைன் மதிப்புகளை வைத்துக்கொண்டால் போதும். மீதி முக்கால் வட்டத்துக்கு வரிசையைத் திருப்பியும் குறியை மாற்றியும் அதே எண்கள் உதவும்.

இந்த உத்தி சோழமண்டலக் கரைக்கு மிகவும் பழையது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-ல் ‘கால சங்கலிதா’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. வேண்டிய அட்டவணைகள் அத்தனையும் மனப்பாடம். 1825 மே 31 - ஜூன் 1 இரவின் கிரகணத்துக்கு அப்படிக் கிடைத்த விடையில், தொடக்க நேரம் 4 நிமிடமே பிசகியது. நடுப்பொழுதில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின. கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரில் நடந்த சம்பவம் இது.

அந்தப் பஞ்சாங்கக்காரர் மனத்தில் இருந்தவை வாக்கியங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தில் நிலவின் இடத்துக்கு மட்டும் 248 வாக்கியங்கள். நிலவு பூமிக்கு மிக அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர 27.55 நாள் ஆகிறது. அதில் 9 சுற்று சேர்ந்தால் 248 நாளுக்கு மிக மிக நெருக்கம். அதற்குப் பிறகு பட்டியலை முதலிலிருந்து தொடங்கினால் போதும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என வைத்து, எண்களைச் சொற்றொடராக்கி நெட்டுரு போட்டார்கள். பெருக்கவும் வகுக்கவும் அதிகம் தேவைப்படாதபடி, கடினமான கணக்கை ஒருமுறை போட்டுப் பட்டியலாக்கிவிட்டு, அன்றாட வேலையைக் கூட்டல் கழித்தலில் முடித்துக்கொள்ளும் வழி இது. 1979-இன் விளையாட்டு நிரலாளர் செய்ததும் இதேதான். அவர் பட்டியலை வைத்தது சிப்பில். பஞ்சாங்கக்காரர் வைத்தது நாவில்.

பட்டியலைக்கூட வைக்க இடம் இல்லாதபோது? 1984-ல் இங்கிலாந்து மாணவர்கள் இருவர் பிபிசி மைக்ரோ கணினிக்கு ‘எலைட்’ என்ற விண்வெளி வணிக ஆட்டத்தை எழுதினார்கள். கணினியின் மொத்த நினைவகமே 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். எந்த உலகத்தையும் அவர்கள் சேமித்து வைக்கவில்லை. விதையாக மூன்று எண்களை எடுத்து, அவற்றைக் கூட்டிக் கூட்டி அடுத்தடுத்த எண்களைப் பிறப்பித்து, அதிலிருந்தே உலகத்தின் பெயர், இடம், ஆட்சிமுறை எல்லாவற்றையும் வரவழைத்தார்கள். அதே ஆண்டில் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுபோனது. அதற்குத் தேர்ந்தெடுத்ததும் பிபிசி மைக்ரோவைத்தான்.

மோகனம் பாடும் வகுத்தல்

அந்தப் பழைய பெட்டிகளின் இசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கவில்லை. அந்த இசை வந்த விதம் இன்னும் எளிமையானது.

நம் ஊரில் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். கூடவே வரும் கேசட்டில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் சில ஆட்டங்களே பெயரும் கட்டமும் மாறித் திரும்பத் திரும்ப வரும். ‘கேலக்சியன்’, ‘கான்ட்ரா’, ‘மாரியோ’ எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. ஃபேமிகாம் சிப்பில் ஐந்து குரல்கள் உண்டு: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு பதிவுக்குரல். சதுர அலைக்குச் சுருதி சொல்வது ஓர் எண். சிப்பின் கடிகாரம் நொடிக்கு 17,89,773 முறை துடிக்கிறது. அதை 16-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,11,861. அதை மறுபடி நிரலாளர் தரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே சுரத்தின் அதிர்வெண்.

360 என்று கொடுத்தால் நொடிக்கு 311 அதிர்வு. அதை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொள்ளலாம். அடுத்து 320 கொடுத்தால் ரிஷபம், 288-க்குக் காந்தாரம், 240-க்குப் பஞ்சமம், 216-க்குத் தைவதம், 180-க்கு மேல் ஷட்ஜம். மோகன ராகத்தின் ஆரோகணம் முழுவதும் ஆறு முழு எண்களில் வந்துவிட்டது. 360-க்கும் 240-க்கும் உள்ள விகிதம் 3-க்கு 2. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இயற்கையாக இருக்க வேண்டிய விகிதமும் அதுவே. தம்பூரா போட்டுச் சுருதி சேர்த்தாலும் இதைவிடச் சுத்தமாகச் சேராது.

நரம்பின் நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும். எந்த விகிதத்தில் குறைத்தால் எந்தச் சுரம் என்ற கணக்கைத் தமிழில் மிக விரிவாகப் போட்டவர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றவர். 1931-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். சிலப்பதிகாரத்தை வைத்துக்கொண்டு, வழக்கொழிந்த யாழை எண்களால் மீட்டெடுத்து 1947-ல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். அதே வளாகத்தில் 1929 முதலே இசைக்கல்லூரியும் நடந்து வருகிறது. யாழில் நீளம் குறைகிறது, சிப்பில் வகுக்கும் எண் குறைகிறது. விபுலாநந்தரின் விகிதங்களைச் சிப்பிடம் அப்படியே கொடுக்கலாம்.

சிப் தோற்கும் இடமும் உண்டு. வகுக்கும் எண் முழு எண்ணாக மட்டுமே இருக்க முடியும். கீழ்ஸ்தாயியில் எண்கள் பெரியவை என்பதால் பிசகு தெரியாது. மேலே போகப் போக எண்கள் சுருங்கி, அடுத்தடுத்த எண்களுக்கு இடையே சுரம் தாவத் தொடங்கும். 1760 அதிர்வு வேண்டும் என்றால் 64 கொடுத்தால் 1748, 63 கொடுத்தால் 1776. நடுவே எதுவும் இல்லை. உச்சத்தில் கமகம் பிடிக்க அந்தச் சிப்பால் முடியாது. பழைய விளையாட்டுப் பாட்டுகளின் மேல்சுரங்கள் கொஞ்சம் கீச்சென்று, சுருதி விலகி ஒலிப்பது இதனால்தான்.

காலப்பிரமாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குத் தனி அனுபவம். ஆட்டத்தின் பாட்டு, திரையில் ஒவ்வொரு படம் மாறும்போதும் ஓர் அடி நகரும்படி எழுதப்பட்டது. ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அது நொடிக்கு 60 முறை. நம்முடைய பால் (PAL) முறைத் தொலைக்காட்சியில் 50. ஜப்பானில் 30 நொடியில் முடியும் பாட்டு இங்கே 36 நொடி ஓடியது. காலம் இறங்கிய அளவுக்குச் சுருதி இறங்கவில்லை. சுருதியைத் தீர்மானிப்பது திரையல்ல, சிப்பின் கடிகாரம். தோக்கியோ பிள்ளைகள் துரிதகாலத்தில் கேட்ட பாட்டைக் கடலூர்ப் பிள்ளைகள் சற்று விளம்பத்தில் கேட்டார்கள் என்று சொல்லலாம்.

காலத்தை வைத்து விளையாடியதில் முன்னோடி, 1978-இன் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய அந்த ஆட்டத்தில் 55 வேற்றுலக உயிர்கள் வரிசை கட்டி இறங்கும். ஒரு படத்துக்கு ஓர் உயிரைத்தான் கணினி நகர்த்தும். எனவே முழுப் படையும் ஓர் அடி நகர ஏறத்தாழ ஒரு நொடி. சுடச்சுட எண்ணிக்கை குறையும், மிஞ்சியவை விறுவிறுவென்று நகரும். நிஷிகாடோ இதைக் குறையாக நினைக்காமல் ஆட்டத்தின் சுவையாகவே விட்டுவிட்டார். கூடவே ஒலிக்கும் நான்கே கீழ்சுரங்களும் அதே கணக்கில் வேகமெடுக்கும். நான்கு சுரத்தில் நெஞ்சைப் படபடக்க வைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய இசை அது.

இரைச்சலில் ஒளிந்த வழிகாட்டி

இத்தனை சரியான கணக்குகளுக்கு நடுவே விண்வெளி ஆட்டங்கள் எல்லாம் கூசாமல் சொன்ன ஒரு பொய், வெடிச்சத்தம். விண்வெளியில் காற்று இல்லை, ஒலி பரவாது. ஸ்டான்லி குப்ரிக் 1968-ல் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தில் விண்வெளிக் காட்சிகளில் எஞ்சின் உறுமல் எதையும் வைக்கவில்லை. சுழலும் விண்நிலையத்துக்கு ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசையைப் போட்டார். எலைட் ஆட்டத்தின் கமடோர் கணினி வடிவத்தில் கலம் நிலையத்தோடு இணையும்போது அதே வால்ட்ஸ் ஒலிக்கும். குப்ரிக்குக்குச் செலுத்திய வணக்கம்.

ஒலிக்கு ஊடகம் இருந்தால் விண்ணும் அதிரும். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வுக்கலம், பெர்சியஸ் விண்மீன்திரள் கூட்டத்தின் சூடான வாயுவில் அழுத்த அலைகள் பரவுவதைக் கண்டது. நடுக் கட்டையிலிருந்து 57 ஸ்தாயி கீழே உள்ள ஒரு சுரம் அது என்று 2003-ல் அறிவித்தார்கள். மனிதக் காதுக்கு எட்டும்படி ஸ்தாயியை ஏற்றி 2022-ல் நாசா அதை ஒலியாக வெளியிட்டது.

விளையாட்டின் பொய் வெடிச்சத்தம் பிறக்கும் இடத்தில்தான் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஃபேமிகாமின் இரைச்சல் குரலுக்குள் 15 இலக்கம் கொண்ட பதிவேடு ஒன்று உண்டு. இலக்கங்கள் 0 அல்லது 1. ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லா இலக்கமும் ஓரிடம் நகரும். காலியான இடத்தில், குறிப்பிட்ட இரண்டு இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று நிரப்பும். வெளியே வரும் வரிசை தாறுமாறாகத் தோன்றும், காதுக்கு ‘டமார்’ என்று கேட்கும். ஆனால் அது தாறுமாறு அல்ல. 32,767 அடிக்குப் பிறகு அச்சு அசலாக அதே வரிசை திரும்ப வரும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறியீடும் இதே சுற்றமைப்பில் பிறப்பதுதான். 10 இலக்கப் பதிவேடுகள் இரண்டைச் சேர்த்து, 1,023 இலக்கம் நீளமுள்ள வரிசை ஒன்றை ஒவ்வொரு செயற்கைக்கோளும் தனக்கென்று வைத்துக்கொண்டு, மில்லிநொடிக்கு ஒருமுறை பாடுகிறது. கேட்பவருக்கு வெறும் இரைச்சல். அந்த வரிசையைத் தெரிந்து வைத்திருக்கும் கருவிக்கோ, எத்தனை இலக்கம் தாமதமாக வந்தது என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். நான்கு செயற்கைக்கோளின் தூரம் கிடைத்தால் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இந்தியாவின் நாவிக் அமைப்பின் பொதுக் குறியீடும் 1,023 இலக்கமே. கடலூர் முதுநகரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஜிபிஎஸ் கருவி வலை போட்ட இடத்தையும் கரைக்குத் திரும்பும் திசையையும் காட்டுவது, கேலக்சியன் காலத்துப் பெட்டியில் வெடிச்சத்தம் எழுப்பிய அதே கணிதத்தால்.

ஆக, அந்தப் பழைய ஆட்டங்கள் பொழுதுபோக்கு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. நினைவகமும் வேகமும் அவற்றுக்குக் கைகொடுக்கவில்லை. அதனால் சமன்பாட்டையும் விகிதத்தையும் பட்டியலையும் நம்பி நின்றன. நம்பியவை அனைத்தும் பள்ளிப் பாடத்தில் இருப்பவை. ஸ்டோரரின் ஆட்டத்தை இன்றைய மாணவர் நாலே வரியில் தொடங்கலாம்: விழும் வேகத்தோடு ஈர்ப்பைக் கூட்டு, உந்துவிசை தரும் முடுக்கத்தைக் கழி, உயரத்திலிருந்து வேகத்தைக் கழி, செலவான எரிபொருளைக் குறை. இதை நொடிக்கு நொடி திரும்பச் செய்தால் அது லூனார் லேண்டர்.

கணினி ஆய்வகம் உள்ள பள்ளிகளின் இயற்பியல் ஆசிரியர்கள் இந்த நாலு வரியைப் பிளஸ் ஒன் மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். முதலில் ஈர்ப்புக்கு 9.8 போட்டு ஓடவிடுங்கள், பிறகு 1.62 போடுங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து எஞ்சின் இல்லாமல் விழும் கலம் பூமியில் நாலரை நொடியில் தரை தொடும், நிலவில் 11 நொடி ஆகும். அந்த 11 நொடிக்குள் எப்போது எஞ்சினைத் தட்ட வேண்டும் என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். இயக்கவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை வேறு இல்லை.